கெப்பாசிட்டர் மாத்திட்டேண்ணே

தம்பி: அண்ணே, பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒரு ஜோடி வாங்கினேன். ஒரு மாதிரி சத்தம் வருது.

அண்ணன்: ஸ்பீக்கர்னா சத்தம் வரத்தான் செய்யும்.

தம்பி: பாட்டோட சேர்ந்து இன்னொண்ணும் வருதுண்ணே. உள்ள மேல் சுருதி, கீழ் சுருதியைப் பிரிச்சு விடற போர்டு, அதான் கிராஸ்ஓவர், அதுல இருந்த கெப்பாசிட்டர் எல்லாத்தையும் மாத்திட்டேன். அப்பவும் வருது.

அண்ணன்: என்ன சத்தம்னு கேட்டியா?

தம்பி: அதைக் கேட்கத்தானே உங்களுக்கு போன் போட்டேன்.

அண்ணன்: என்னைக் கேட்காதடா, பெட்டிகிட்ட காதை வச்சுக் கேளு. கரகரன்னு வருதா, ஙொய்ன்னு வருதா?

தம்பி: ரெண்டும்.

அண்ணன்: பாட்டு ஓடட்டும். வால்யூமை மட்டும் ஜீரோவுக்குக் கொண்டு வா.

தம்பி: கரகர நின்னுடுச்சு. ஙொய் மட்டும் ரெண்டு பெட்டியிலயும் இருக்கு.

அண்ணன்: அப்போ ரெண்டு தனித்தனி கோளாறு. ஙொய் அப்புறம். கரகர எந்தப் பக்கம்?

தம்பி: இடது.

அண்ணன்: ஆம்பை, அதான் ஆம்ப்ளிஃபயரை, ஆஃப் பண்ணிட்டு, இடதையும் வலதையும் மாத்திப் போடு.

(தடால். புடால். நெடுநேரம் மூச்சு வாங்கும் சத்தம்.)

தம்பி: மாத்திட்டேன். இப்போ வலது பக்கம் வருதுண்ணே!

அண்ணன்: அப்படின்னா ஆம்ப்லதான்... இரு. எதை மாத்தினே?

தம்பி: பெட்டியைத்தான். என்னா கனம்!

அண்ணன்: ஒயரோடயா?

தம்பி: அதுவும் கூடவே வந்துடுச்சு. நீள ஒயராத்தான் வாங்கியிருக்கேன்.

அண்ணன்: நோயாளியைக் கட்டில் மாத்திப் படுக்க வச்சிருக்கே. பெட்டியைத் தொடாதே. ஆம்புக்குப் பின்னாடி ஒயரைக் கழட்டி, இடது ஒயரை வலதுலயும் வலது ஒயரை இடதுலயும் சொருகு. சத்தம் அதே பெட்டியில இருந்தா குறை பெட்டியிலயோ அதோட ஒயர்லயோ. அடுத்த பெட்டிக்குத் தாவினா ஆம்ப்லயோ அதுக்கு முன்னாடியோ.

தம்பி: முதல்ல பெட்டியைப் பழைய இடத்துக்கு...

அண்ணன்: வேணாம்!

தம்பி: சரிண்ணே. மாத்திட்டேன். அதே பெட்டிதான். அப்போ கெப்பாசிட்டரை இன்னொரு தடவை மாத்திடவா?

அண்ணன்: கிராஸ்ஓவர் கெப்பாசிட்டர் வயசானா, கீச்சுச் சத்தம் தர்ற சின்ன ஸ்பீக்கர், அதான் ட்வீட்டர், அதோட சத்தம் மங்கும். கரகரன்னு உரசாது. ஆமா, நீ போட்டதுல மைனஸ் பக்கம் கோடு இருந்துச்சா?

தம்பி: இருந்துச்சு. நல்ல தடிமனான கோடு.

அண்ணன்: நாசமாப் போச்சு. அங்க ஓடறது ஏசி, திசை மாறி மாறி ஓடற கரண்ட். பிளஸ், மைனஸ்னு பக்கம் பார்க்காத நான்-போலார்தான் போடணும். நல்லா இருந்ததைக் கழட்டிட்டுத் தப்பானதை வச்சிருக்கே. பழசுல என்ன மைக்ரோபாரட் போட்டிருக்குன்னு பார்த்து, அதே மதிப்புல, வோல்டேஜ் குறையாம நான்-போலாரா வாங்கிப் போடு. இப்போ ஆம்பை ஆஃப் பண்ணிட்டு கனத்த சத்தம் தர்ற பெரிய ஸ்பீக்கர், அதான் வூஃபர், அது மேல இருக்கிற துணி மூடியைக் கழட்டு.

தம்பி: அது கழருமா?

அண்ணன்: கழரும். வூஃபர் நடுவுல இருக்கிற குமிழைத் தொட்டா குழிஞ்சிடும், அதைச் சுத்தி நாலு விரலைச் சமமா வச்சுக் கோனை, அதான் அதிர்ற கூம்பை, மெதுவாச் சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளு. காதைப் பக்கத்துல வை.

தம்பி: சொரசொரங்குது. ஓரத்துல கை பட்டுச்சு, கறுப்பா என்னமோ ஒட்டுது.

அண்ணன்: அதுதான் உன் சரவுண்ட், கோன் ஓரத்து வளையம். போம்ங்கிற பஞ்சுல செஞ்ச சரவுண்ட் 15, 20 வருஷத்துல பொடியாகிடும். கோனை நடுவுல பிடிச்சு வைக்கிறதே அதுதான், உள்ளே கோனைத் தாங்கற ஸ்பைடர்ங்கிற வளையமும் சேர்ந்து. அது போனா கோனோட ஒட்டியிருக்கிற கம்பிச் சுருள், அதான் வாய்ஸ் காயில், சாஞ்சு காந்த இடுக்குல உரசும். அந்த இடுக்குல முழுசா ஒரு மில்லிமீட்டர் இடம்கூடக் கிடையாது.

தம்பி: வீடியோவுல ஒருத்தர் பழைய பெட்டின்னா முதல் வேலை கெப்பாசிட்டர்தான்னு சொன்னாரேண்ணே.

அண்ணன்: அவரும் உன் பெட்டியைப் பார்க்கல, நீயும் பார்க்கல. ஈயம் உருக்கி ஒட்ட நேரம் இருந்துச்சு, துணியைக் கழட்டி அரை நிமிஷம் பார்க்க நேரம் இல்ல. என்ன சத்தம்னு தெரியறதுக்குள்ள பார்ட்ஸ் வந்து இறங்கிடுது உங்களுக்கெல்லாம்.

தம்பி: சரி, 8 இன்ச் போம் ஒண்ணு ஆர்டர் போடறேன்.

அண்ணன்: பார்த்தியா! 8 இன்ச்சுங்கிறது பேருக்குத்தான். கோனோட வெளி விட்டம், பிரேமோட உள் விட்டம், ரெண்டையும் அளந்துட்டு வாங்கு. ரெண்டு பெட்டிக்கும் வாங்கு, இன்னொண்ணும் அதே வயசுதான். பழைய பசையைச் சுத்தமாச் சுரண்டிட்டு, முதல்ல கோன் பக்கம் ஒட்டிக் காய விடு. அப்புறம் பிரேம் பக்கம். பசை இறுகறதுக்குள்ள 30 ஹெர்ட்ஸ் டோனை, அதான் அடி ஆழத்துச் சத்தத்தை, ரொம்பச் சின்னதா ஓட்டு. உரசற சத்தம் வந்தா போமை நகர்த்தி நடுவுக்குக் கொண்டு வா. ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

தம்பி: அந்த ஙொய்?

அண்ணன்: ஆம்புக்கு வர்ற இன்புட் ஒயர் எல்லாத்தையும் பிடுங்கிட்டு ஆன் பண்ணு.

தம்பி: பண்ணிட்டேன். ஙொய் அப்படியே இருக்கு.

அண்ணன்: அப்போ இன்புட் ஒயர் இணைப்பால வர்ற இரைச்சல், அதான் கிரவுண்ட் லூப், அது இல்ல. ஆம்போட பவர் சப்ளையில கரண்டைச் சீராக்கற பில்டர் கெப்பாசிட்டர் போயிருக்கும்.

தம்பி: கெப்பாசிட்டரா! நான்தான் ஆரம்பத்துலயே சொன்னேனே!

அண்ணன்: கைக்குக் கிடைச்ச கெப்பாசிட்டரை எல்லாம் மாத்தினே, இதைத் தவிர.

தம்பி: ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டேண்ணே.

அண்ணன்: கீழ வை! பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதுல சார்ஜ் இருக்கும், தொட்டா அடிக்கும். தெரிஞ்ச ஆள்கிட்ட ஆம்பைக் கொண்டு போ.

தம்பி: அப்போ மாத்த வேணாமா?

அண்ணன்: மாத்தணும்டா. நீ மாத்தக் கூடாது.