முட்டி போட்ட சபாநாயகர்

லண்டன் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் மன்னர் உரையோடு தொடங்கும் நாளில் ஒரு காட்சி நடக்கும், வீடியோவில் பார்த்திருப்பீர்கள். கறுப்புக் கோல் பிடித்த அதிகாரி ஒருவர் மன்னரின் அழைப்போடு, மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் உட்காரும் காமன்ஸ் சபை வாசலுக்கு வருவார். வந்தவர் முகத்துக்கு நேரே கதவைப் படாரென்று சாத்துவார்கள். கோலால் மூன்று தட்டு தட்டினால்தான் திறப்பார்கள். இதெல்லாம் வெட்டி நாடகம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்புறம் இந்தக் கதவு எதற்காகச் சாத்தப்படுகிறது என்று தேடிப் படித்ததில், வில்லியம் லெந்தால் என்ற ஒரு சபாநாயகர் என்னைப் பிடித்துக்கொண்டார். 17-ஆம் நூற்றாண்டில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த இங்கிலாந்து உள்நாட்டுப் போர் என்றாலே எல்லாரும் நாடாளுமன்றப் படைத் தளபதி கிராம்வெல்லைப் பற்றிப் பேசுவார்கள். நான் இவரைப் பற்றிப் பேசுகிறேன்.

அப்போதைய மன்னர் முதலாம் சார்லஸ் 1629-இல் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு 11 வருடம் அதைக் கூட்டாமலே ஆண்டார். சரி, காசுக்கு? கடலோர ஊர்களில் போர்க்காலத்தில் வாங்கும் கப்பல் வரியை, போர் இல்லாத நேரத்தில், கடலையே பார்க்காத உள்நாட்டு ஊர்கள்மீதும் போட்டார். ஜான் ஹாம்ப்டன் என்ற பணக்கார நிலக்கிழார் தன் பங்கில் 20 ஷில்லிங்கைக் கட்ட மறுத்து வழக்கை 12 நீதிபதிகள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அவருக்கு அது சில்லறைக் காசு. 7 பேர் மன்னர் பக்கம், 5 பேர் ஹாம்ப்டன் பக்கம். ஜெயித்தது மன்னர்தான், ஆனால் ஐந்து நீதிபதிகளே ஒத்துக்கொள்ளாத வரியை நாம் ஏன் கட்ட வேண்டும் என்ற பேச்சு ஊரெல்லாம் கிளம்பிவிட்டது.

இதற்கிடையில் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை மதகுரு ஆர்ச்பிஷப் லாட் சொன்னபடி ஸ்காட்லாந்து தேவாலயங்களிலும் ஒரு புதிய ஜெபப் புத்தகத்தைத் திணிக்கப் பார்த்தார்கள். 1637 ஜூலையில் எடின்பரோவில் அதை வாசிக்க ஆரம்பித்ததுமே கலவரம், வாசித்தவர்மேல் உட்காரும் முக்காலிகள் பறந்ததாகச் சொல்வார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் படை திரட்டினார்கள், அவர்களை எதிர்க்க மன்னருக்கும் படை வேண்டும், படைக்குப் பணம் வேண்டும், வேறு வழியில்லாமல் 1640-இல் நாடாளுமன்றத்தைக் கூட்டினார். உள்நாட்டுப் போர் மதத்துக்காகவா பணத்துக்காகவா என்று இன்னமும் மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே முடிச்சு. 1641 அக்டோபரில் அயர்லாந்தில் கத்தோலிக்கர்கள் எழுந்தபோது அது இன்னும் இறுகியது: அவர்களை அடக்கப் படை வேண்டும், ஆனால் கத்தோலிக்க ராணியைக் கட்டிக்கொண்ட இந்த மன்னர் கையில் படையைக் கொடுத்தால் நாளைக்கு அதை நம்மீதே திருப்பமாட்டார் என்று யார் உத்தரவாதம் தருவது?

1642 ஜனவரி 4. சார்லஸ் சுமார் 400 ஆயுதக்காரர்களோடு நேரே காமன்ஸ் சபைக்கே வந்துவிட்டார். சபையில் தன்னை எதிர்த்தவர்களுக்குத் தலைவரான ஜான் பிம், நம்ம ஹாம்ப்டன் உட்பட ஐந்து உறுப்பினர்களைத் துரோகக் குற்றத்தில் பிடிக்க வேண்டும். படை வெளியே நின்றது, ஆனால் உள்ளே இருப்பவர்கள் கண்ணில் வாளும் துப்பாக்கியும் படட்டும் என்று ஒரு பிரபு கதவைச் சாத்தவிடாமல் சாய்ந்து நின்றுகொண்டார். மன்னர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடந்துபோய், கொஞ்ச நேரம் உங்கள் நாற்காலி வேண்டும் என்று சபாநாயகரிடம் கேட்டு வாங்கினார். பிம் எங்கே? ஒருவரும் வாய் திறக்கவில்லை. திரும்பி லெந்தாலைக் கேட்டார்.

லெந்தால் வீரர் இல்லை. வக்கீல். இந்தப் பதவியால் ஆகும் செலவு தாங்கவில்லை, விடுவித்துவிடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தவர். அவர் முட்டி போட்டார். முட்டி போட்டபடியே சொன்னார்: இந்தச் சபை எனக்கு என்ன கட்டளையிடுகிறதோ அதைத் தவிர, இந்த இடத்தில் பார்க்க எனக்குக் கண்ணும் கிடையாது, பேச நாக்கும் கிடையாது.

பறவைகள் எல்லாம் பறந்துவிட்டன என்று சொல்லிவிட்டு மன்னர் கிளம்பினார். அந்த ஐவரும் அதற்குள் படகேறித் தப்பிவிட்டார்கள். ஆறு நாளில் சார்லஸ் லண்டனை விட்டே போனார், ஆகஸ்ட் 22-இல் நாட்டிங்ஹாமில் போர்க்கொடி ஏற்றினார். மறுபடி லண்டனுக்கு வந்தது கைதியாக, 1649 ஜனவரியில், விசாரணைக்கும் தலைவெட்டுக்கும். அன்றிலிருந்து இன்றுவரை, காமன்ஸ் சபை கூடியிருக்கும்போது எந்த மன்னரும் அதற்குள் கால் வைத்ததில்லை. கதவு சாத்துவது அதற்காகத்தான்.

இதோடு நிறுத்தினால் லெந்தால் ஹீரோ. பலரும் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இந்த மனிதர் 1648 டிசம்பரில் போரில் ஜெயித்த நாடாளுமன்றப் படையின் கர்னல் பிரைட் கையில் பட்டியலோடு வாசலில் நின்று படைக்குப் பிடிக்காத உறுப்பினர்களை மடக்கித் துரத்தியபோதும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். மன்னரின் 400 பேர் செய்ய முடியாததைச் சபையின் சொந்தப் படையே செய்து முடித்தது. 1653 ஏப்ரலில் கிராம்வெல் மிச்சமிருந்தவர்களையும் கலைத்தபோது இவரை நாற்காலியிலிருந்து இறக்கி அனுப்பினார்கள். அடுத்த வருடமே கிராம்வெல் கூட்டிய நாடாளுமன்றத்தில் திரும்பவும் சபாநாயகர்!

எனக்கு ஆறவே ஆறாதது 1660. முடியாட்சி திரும்பிவிட்டது, மன்னரைக் கொன்றவர்களைத் தேடிப்பிடித்து விசாரிக்கிறார்கள். அவர்களில் ஒருவரான தாமஸ் ஸ்காட் கூண்டில் நிற்கிறார். மன்னருக்கு மரண தண்டனை விதித்தவன் என்று என் கல்லறையில் எழுதுங்கள் என்று சபையில் பேசினார் என்பது அவருக்கு எதிரான ஆதாரங்களில் ஒன்று. சபைக்குள் பேசியதற்கு வெளியே வழக்குப் போட முடியாது என்கிறார் ஸ்காட். அதற்குச் சாட்சி சொல்ல வந்தவர் யார்? கண்ணும் நாக்கும் கிடையாது என்று சொன்ன அதே லெந்தால். ஸ்காட்டைத் தூக்கில் போட்டு உடலைத் துண்டாக்கினார்கள்.

மன்னருக்கு எதிராகப் பேசினால் தலை போகும் என்ற அந்தப் பயம் நம்ம ஊர் வரை வந்தது. 1665-இல் சென்னை ஜார்ஜ் கோட்டையில், பதவி பறிபோன கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜென்ட் எட்வர்டு விண்டர், தன் இடத்துக்கு வந்த ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்டை மன்னருக்கு எதிராகப் பேசினார் என்று சொல்லி அடைத்துப்போட்டு, 1668 வரை கோட்டையைத் தன் கையில் வைத்திருந்தார்.

லெந்தாலைக் கோழை என்று திட்ட எனக்கு மனசு வரவில்லை. 20 வருடத்தில் அத்தனை எஜமானர்கள் மாறி, பக்கத்தில் இருந்தவர்கள் தலை ஒவ்வொன்றாக உருண்டபோது நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் ஜனவரி 4-ஆம் தேதிகூட உளறியிருப்பேன். 1662-இல் இறந்தார், பர்ஃபர்டு தேவாலயத்தில் புதைத்தார்கள். கல்லறையில் வேறு எதுவும் எழுத வேண்டாம், லத்தீனில் இரண்டே சொல் போதும் என்று கேட்டுக்கொண்டாராம்: நான் ஒரு புழு.