கதிரை தந்தீர்கள் சரி, பைலை எப்போது தருவீர்கள்?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு 9.40க்கு வாட்ஸ்அப்பில் ஒரு கடிதத்தின் படம் வந்தது. மறுநாள் காலை 10 மணிக்கு பிரதேச சபையின் ஆலோசனைக் குழுக் கூட்டம், தவறாமல் சமுகமளிக்கவும். கடிதம் முழுக்க சிங்களத்தில். எனக்கு வாசிக்க வரும் என்பதால் என்னோடு குழுவில் இளைஞர் பிரதிநிதிகளாக இருக்கும் மற்ற நாலு பிள்ளைகளுக்கும் குரல் பதிவு போட்டேன். ஒரு தம்பி கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். "அக்கா, இப்ப பஸ் ஏறினாலும் முதலாளி நாளைக்கு உள்ள எடுக்க மாட்டார்" என்றான். இன்னொரு தங்கச்சிக்கு அன்றைக்கு தேயிலை மலையில் வேலை, போகாவிட்டால் பேர் இல்லை, அன்றைய சம்பளம் இல்லை. மற்றவன் போனையே எடுக்கவில்லை. கடைசியில் போனது நானும் இன்னொரு தம்பியும்தான்.

எந்தச் சபை என்று எழுதவில்லை. இதை வாசிக்கும் பாதிப் பேர் "எங்க ஊர்தானே" என்று நினைப்பீர்கள், அது போதும்.

இந்தக் குழு யாரும் பெரிய மனது வைத்துத் தந்த தானம் இல்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. சபை உறுப்பினர்களோடு அந்தப் பிரதேசத்தில் வாழ்கிறவர்களையும் சேர்த்து ஆலோசனைக் குழுக்கள் அமைக்கலாம். நிதி, வீடமைப்பு, தொழில்நுட்ப சேவை, சுற்றாடல் என்று குழுக்கள் உண்டு. ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். முடிவு சபையுடையது. அதில் எனக்குப் பிரச்சினை இல்லை, வாக்குக் கேட்டு வந்தவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் ஆலோசனை என்றால் என்ன என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை.

அன்றைக்குக் கூட்டம் தொடங்கும்போது 11.15. முதலில் போட்டோ. இளைஞர்கள் முன்னுக்கு வரச் சொன்னார்கள், வந்தோம். பிறகு ரோல்ஸும் பிளேன்டீயும். அப்புறம் ஒரு மணித்தியாலம் இரண்டு உறுப்பினர்கள் ஒரு கொன்கிரீட் பாதை யாருடைய வட்டாரத்துக்குள் வருகிறது என்று சண்டை பிடித்தார்கள். எல்லோரும் எழும்பப் போகும் நேரத்தில் தவிசாளர் எங்கள் பக்கம் திரும்பி, "தங்கச்சி, நீங்களும் ஏதாவது சொல்லுங்களேன்" என்றார்.

சொன்னேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஸ்டோருக்கு, அதாவது தொழிற்சாலைக்குத் திரும்பும் வளைவில் விளக்கு இல்லை. டியூஷன் விட்டு வரும் பிள்ளைகளும் டவுனில் கடைகளில் நிற்கும் பெண்களும் ஆறரை, ஏழு மணிக்கு அதில்தான் இறங்கி நடக்கிறார்கள். மழைக்காலத்தில் பனி இறங்கினால் பக்கத்தில் வருகிறவரின் முகமே தெரியாது. கானுக்குள் கால் வைத்து விழுந்தவர்கள் இருக்கிறார்கள், எங்கள் அம்மா உட்பட. ஒரு தூணும் ஒரு விளக்கும் போதும், சேர்.

"அது தோட்டத்து ரோடு தங்கச்சி, எங்களுக்குக் கை வைக்க ஏலாது."

இந்த வசனத்தை நாங்கள் பரம்பரையாகக் கேட்டு வருகிறோம். என் அப்பா கேட்டார், தாத்தாவும் கேட்டிருப்பார். சபைக்குச் சோலை வரி கட்டாத இடம், கம்பனிக்குச் சொந்தமான இடம், பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு இடம் தராது என்பார்கள். ஆனால் அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்குள்ளும் சபைகள் வேலை செய்ய வழி திறந்துவிட்டது. அதே வருடம்தான் நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டாக இருந்த பிரதேச சபைகள் ஆறாகின. எதற்காகப் பிரித்தார்கள்? தோட்டத்துச் சனத்துக்குக் கிட்டப் போகத்தானே? இதை நான் மேடையில் பேசுவது போலெல்லாம் பேசவில்லை. திருத்தத்தின் பிரதி பேக்கில் இருந்தது, மெதுவாக எடுத்து மேசையில் வைத்தேன். தவிசாளர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பேனையைப் பார்த்தார். "சரி, பார்ப்போம்" என்று கூட்டம் முடிந்தது.

நான் வேலை செய்வது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடையில். சபைக்கு எழுதும் கடிதங்கள் முக்கால்வாசி என் கையால்தான் டைப் ஆகின்றன, அதனால் "பார்ப்போம்" என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். இரண்டு வாரம் கழித்துக் கூட்டறிக்கையைக் கேட்டு வாங்கினேன். ரோட்டுச் சண்டைக்கு ஒன்றரைப் பக்கம். எங்களுக்கு ஒரே வரி: "இளைஞர் பிரதிநிதிகளும் தமது கருத்துகளைத் தெரிவித்தனர்." விளக்கு இல்லை, வளைவு இல்லை, 2018 இல்லை. ஆனால் அந்தப் போட்டோ அன்றைக்கே பேஸ்புக்கில் ஏறிவிட்டது. நானும் அதில் நன்றாகத்தான் இருக்கிறேன்.

கூட்டத்துக்குக் கூப்பிடுவது பெரிய விஷயமே இல்லை. என்ன முடிவு எடுக்கப் போகிறீர்கள் என்பதை எடுப்பதற்கு முன்னாலேயே காட்டுங்கள், நாங்கள் சொன்னதற்கு எழுத்தில் பதில் தாருங்கள். அது இல்லாமல் எத்தனை கதிரை போட்டாலும் போட்டோவுக்குத்தான் உதவும்.

வெளியூர்க் கதை ஒன்று. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் இளைஞர் ஆணைக்குழு ஒன்று இருக்கிறது. 1995இல் நகரத்து மக்கள் வாக்களித்தே அதை உண்டாக்கினார்கள். 17 பேர், 12 வயதிலிருந்து 23 வயது வரை. அவர்களும் ஆலோசனைதான் சொல்வார்கள், எதையும் தடுக்க முடியாது. ஆனால் பிள்ளைகளையும் இளைஞர்களையும் பெரிதாகப் பாதிக்கும் ஒரு சட்டமூலம் நகர சபைக்கு வந்தால் முதலில் இவர்களுக்கு அனுப்பியாக வேண்டும், இவர்கள் பதில் சொல்ல 12 நாள் உண்டு. நகரத்தின் சாசனத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. எனக்கு அந்த ஊரின் பணத்தில் பொறாமை இல்லை, அந்த 12 நாளில்தான் பொறாமை. எங்களுக்குக் கிடைத்தது ஒரு இரவு, அதுவும் நித்திரை கொள்ளும் நேரம்.

நம் பக்கமும் குறை இருக்கிறது. இளைஞர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் வொலிபோல் நெட், கிரிக்கெட் மட்டை, தீபாவளிக்கு சவுண்ட் சிஸ்டம். இதைத் தாண்டிக் கேட்க நாமும் பழகவில்லை. சபைக்கும் அது வசதி, நெட்டுக்குப் பெரிய செலவில்லை, கொடுக்கும்போது இன்னொரு போட்டோ. இன்னொன்று, குழுவுக்குப் பெயர் கொடுக்கும்போது தோட்டத் தலைவர் மகன், தொழிற்சங்கத்து மாவட்டப் பிரதிநிதி மருமகன் என்றுதான் பட்டியல் போகிறது. சில இளைஞர் அணித் தலைவர்கள் நரைக்கு மை பூசாமல் வெளியே இறங்குவதில்லை. உள்ளூராட்சித் தேர்தல் சட்டம் 35 வயது வரை இளைஞர் என்கிறது, அதை மட்டும் இவர்கள் மறந்து போவார்கள்.

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலில் வேட்புமனுவில் 25 வீதம் இளைஞர் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. நல்ல விஷயம். ஆனால் அது பட்டியலில் பெயர் போடுவதற்கான விதி. பெண்களுக்குச் சபைக்குள் 25 வீதம் ஒதுக்கியது போல ஆசனத்துக்கான விதி இல்லை. இளைஞர்களின் பிறப்புச் சான்றிதழ் பிரதி சரியில்லை என்றே அந்த முறை பல மனுக்கள் தள்ளப்பட்டு, வழக்கு நீதிமன்றம் வரை போனது. அதற்கு முன் 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் தெரிவான சபையே இல்லாமல் அதிகாரிகள்தான் எல்லாம் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் ஆலோசனை சொல்லவாவது யாரும் எங்களைக் கூப்பிட்டார்களா? இல்லை.

டவுன் ஆட்கள் இதைத் தோட்டத்துப் பிரச்சினை என்று தள்ளிவிடாதீர்கள். நுவரெலியா, பதுளை, பண்டாரவளை, கண்டி, மாத்தளை மாநகர சபைகளின் பஸ் நிலையத்தையும் மலசலகூடத்தையும் சந்தையையும் தினமும் பாவிப்பவர்களில் நாங்களும் இருக்கிறோம். வாக்கு வேறு சபையில், கால் நடப்பது உங்கள் டவுனில். அந்த டவுன் குழுக்களில் எங்களுக்கு ஒரு கதிரைகூட இல்லை.

சரி, இப்போது நடப்பது. அடுத்த வருடத்து வரவு செலவுத் திட்ட வரைவு சபைக் காரியாலயத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. வைக்க வேண்டியது சட்டம். வெள்ளிக்கிழமை போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த அண்ணன் ஐந்து நிமிடம் தேடி, அலுமாரிக்கு மேலிருந்து எடுத்துத் தந்தார். இதுவரை யாரும் பார்க்கவில்லையாம். சிங்களப் பிரதி மட்டும். தமிழ்ப் பிரதி கேட்டேன், 1987இலேயே 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கிவிட்டதே என்றேன். "மொழிபெயர்க்க ஆள் இல்லை தங்கச்சி" என்றார். அவரும் பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

வீதி விளக்குப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வந்தேன். டவுன், டவுனைச் சுற்றிய கிராமங்கள், அவ்வளவுதான். தோட்டம் என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

இந்த இரண்டு இரவும் உட்கார்ந்து அந்தப் பக்கத்தையும் குப்பை அகற்றும் பக்கத்தையும் தமிழில் டைப் செய்து முடித்தேன். நாளைக்குக் கடையில் 40 பிரதி அடிப்பேன், முதலாளி என் கணக்கில் எழுதிக்கொள்வார். குழுவில் ஊரில் இருக்கும் மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் கையில் தருவேன், கொழும்புத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த வளைவு விளக்குக்கு என்ன முடிவு என்று கேட்டு ஒரு விண்ணப்பமும் எழுதி வைத்திருக்கிறேன். பிரதி வேண்டிய பிள்ளைகள் மாலை நாலு மணிக்குப் பிறகு கடைக்கு வாருங்கள், காசு வேண்டாம்.