ஹப்புத்தளையில் மாலைக்குப் பிறகுதான் வேலை

வெளிநாட்டுச் சிற்றூரில் வேலை என்றால் மாலை ஆறு மணிக்குமேல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர் அலுத்துக்கொள்கிறார். கோயம்புத்தூரிலிருந்து வந்து இலங்கை மலைநாட்டில் ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் எனக்கு அப்போதுதான் வேலை சூடுபிடிக்கிறது. பகலில் பறித்த கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து விசிறிக் காற்றைச் செலுத்தி இரவெல்லாம் வாட்ட வேண்டும். இலை ஈரத்துணிபோலத் துவண்டால்தான் உருட்டும்போது நொறுங்காமல் சுருளும். மூடுபனி இறங்கினால் வாட்டம் இழுத்துக்கொண்டே போகும். அன்று பார்த்துத்தான் ஒரு விசிறி படுத்துவிடும். விடிந்ததும் லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பெரியவர் பிளேன்டீ நீட்டுவார். உள்ளங்கையில் சீனி, ஒரு நக்கு, ஒரு மிடறு. பால் சேர்க்காத தேநீரா என்று முகம் சுளித்தவன்தான் நான்! என் குறையெல்லாம் ஒன்றுதான்: பௌத்தர்கள் புனிதமாகக் கொள்ளும் பௌர்ணமி நாளான போயா விடுமுறையில்தான் எனக்குச் சமைக்க நேரம் கிடைக்கிறது, அன்று இறைச்சிக் கடை மூடியிருக்கிறது.