ஈயம் பட்ட வளவுக்கு ரிஎஸ்பி: எவ்வளவு, எப்படி, எங்கே கூடாது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈயத்தைக் கரைத்து வெளியே எடுக்கும் எந்த இரசாயனத்தையும் யாழ்ப்பாணத்து மண்ணில் போடக்கூடாது. இருக்கிற இடத்திலேயே கரையாதபடி அதைக் கட்டிப்போட வேண்டும். அதற்கு ரிஎஸ்பி (ட்ரிபிள் சுப்பர் பொஸ்பேற்) என்ற பொஸ்பேற் பசளை உதவும். ஆனால் பையைப் பிரித்து வீசிவிட்டுப் போனால் உதவாது.

ஏன் கரைக்கக்கூடாது? குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல். அதற்குள் தேங்குகிற மழைநீர்தான் எங்கள் கிணற்றுத் தண்ணீர். தோட்டத்துக்குப் போட்ட யூரியா நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்குவதும், சுன்னாகப் பக்கக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்ததும் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. ஈயம் பட்ட மண் பற்றிய கட்டுரைகளில், உலோகத்தைப் பிடித்துக் கரைய வைக்கும் ஈடிரிஏ என்ற இரசாயனம் பற்றி நிறைய இருக்கும். மண்ணில் அதை ஊற்றி, கடுகோ சூரியகாந்தியோ நட்டால் செடி ஈயத்தை உறிஞ்சிவிடும் என்பார்கள். செடி எடுப்பது சிறு பங்கு. கரைந்த மிச்சம் அடுத்த மழையோடு கீழே போகும். ஈடிரிஏயும் சுலபமாகச் சிதையாமல் மாதக்கணக்கில் மண்ணில் நின்று அந்த வேலையைத் தொடர்ந்து செய்யும். ஈடிரிஏ இல்லாமல் செடியை மட்டும் நம்பினால் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும்.

பொஸ்பேற் வேறு வழியில் வேலை செய்கிறது. ஈயம், பொஸ்பேற், குளோரைட் மூன்றும் சேரும்போது பைரோமோர்பைற் என்ற கனிமம் உருவாகிறது. பிள்ளையின் கையோடு மண் வயிற்றுக்குள் போனாலும், வேறு ஈய உப்புகளைவிட இது மிகக் குறைவாகவே கரையும். அமெரிக்காவின் ஜொப்ளின் நகரில் உருக்காலை ஈயம் படிந்த மண்ணுக்கு, மண்ணின் எடையில் 1 சதவீதம் பொஸ்பரஸ் வரும்படி பொஸ்போரிக் அமிலம் கலந்து, பிறகு சுண்ணாம்பு போட்டார்கள். மனிதர்களில் அளந்தபோது உடலில் சேரும் ஈயம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. அந்த 1 சதவீதத்தை ரிஎஸ்பியில் கணக்குப் பார்த்தால், 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 10 கிலோ. ஒரு பரப்புக்கு (ஏறத்தாழ 250 சதுர மீற்றர்) 50 கிலோ மூட்டை ஐம்பதளவு. இது வீட்டு வளவுக்கு நடக்கிற காரியமில்லை, நடத்தவும் கூடாது.

அதனால் ஈயத்தின் அளவை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். கிலோ மண்ணுக்கு 1000 மில்லிகிராம் ஈயம் என்றால், 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு சதுர மீற்றர் மண்ணில் 195 கிராம் ஈயம் இருக்கும். பைரோமோர்பைற்றுக்கு ஐந்து ஈய அணுவுக்கு மூன்று பொஸ்பரஸ் போதும். ஆனால் எங்கள் செம்மண்ணில் கல்சியமும் இரும்பும் பொஸ்பேற்றைப் பங்குக்கு இழுக்கும். ஆகவே ஓர் ஈய அணுவுக்கு நான்கு பொஸ்பரஸ் அணு என்று எடுக்கிறோம். அது சதுர மீற்றருக்கு 600 கிராம் ரிஎஸ்பி. ஈயம் 500 என்றால் 300 கிராம். குளோரைட்டுக்கு எம்ஓபி (பொட்டாசியம் குளோரைட் பசளை) 20 கிராம் போதும். உவர்க் கிணற்றால் இறைக்கிற வளவுக்கு அதுவும் தேவையில்லை.

எப்பாவல பாறைப் பொஸ்பேற் மலிவு என்று அதை வாங்காதீர்கள். அமில மண்ணில்தான் அது கரையும். எங்கள் மண் பெரும்பாலும் நடுநிலைக்கு மேலே காரப்பக்கம். வருடக்கணக்கில் தூளாகவே கிடக்கும். கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் 2011 இல் வீட்டு முற்றங்களுக்கு மீன்முள்ளுத் தூள் கலந்து, மேலே நல்ல மண் போட்டு மூடினார்கள். முள்ளு இங்கே தாராளமாகக் கிடைக்கும்தான். ஆனால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அதுவும் மெதுவாகவே கரையும். ரிஎஸ்பியோடு துணையாகச் சேர்க்கலாம், தனியே நம்ப முடியாது. எரித்துச் சாம்பலாக்கினால் இன்னும் மோசம்: எரிந்த எலும்பு இறுகிவிடும்.

முதல் வேலை, ஈயம் எங்கே இருக்கிறது என்று பிடிப்பது. பழைய பற்றறி உடைத்த மூலை, வலைக்கு ஈயக்குண்டு வார்த்த இடம், பழைய எனாமல் பெயின்ற் சுரண்டி விழுந்த சுவரோரம், ஈயப் பெற்றோல் காலத்துப் பெருந்தெரு ஓரம் என்று பெரும்பாலும் சின்னத் துண்டு நிலமாகத்தான் இருக்கும். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் மேல் 2.5 சென்ரிமீற்றரையும் தோட்டத்தில் 15 சென்ரிமீற்றரையும் எடுங்கள். பத்துக் குத்தில் எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்து அனுப்புங்கள். சுவரோர மண்ணையும் நடு முற்றத்து மண்ணையும் ஒரே பையில் போட்டால் சராசரி வந்து உண்மையை மறைத்துவிடும். காவலரண் இருந்த காணியில் கண்ணிவெடி அகற்றிய உறுதி இல்லாமல் மண்வெட்டியே வைக்க வேண்டாம்.

அமெரிக்கச் சுற்றாடல் நிறுவனம் 2024 இல் குடியிருப்பு மண்ணுக்கான எச்சரிக்கை எல்லையைக் கிலோ மண்ணுக்கு 400 மில்லிகிராம் ஈயத்திலிருந்து 200 ஆகக் குறைத்தது. என் கருத்தில் 200 க்குக் கீழே என்றால் மாட்டெரு போட்டுப் புல்லால் மூடினால் போதும். 200 முதல் 1500 வரை ரிஎஸ்பியும் மூடலும். பற்றறி உடைத்த இடங்களில் பல்லாயிரம் காட்டும். அங்கே பசளை போடுவது வீண். தோண்டி எடுத்து, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். கிணற்றடியில் இருந்தாலும், கடற்கரை மணலாக இருந்தாலும் தோண்டுவதே சரி.

வேலைக்கு ஏற்ற காலம் தை, மாசி. மாரிக்கு முன்னர் போட்டால் மிகுதிப் பொஸ்பேற் குளத்துக்குப் போய்ப் பாசி கட்டும். சோளகத்தில் கிண்டினால் தூசி வீட்டுக்குள் வரும். முதலில் நிலத்தை நனையுங்கள். ஈயத்துண்டு, பெயின்ற்ச் செதில் எல்லாவற்றையும் 2 மில்லிமீற்றர் அரிதட்டால் அரித்து எடுங்கள். உலோகத் துண்டோடு பொஸ்பேற் சேராது. ரிஎஸ்பி மணியை இடித்துத் தூளாக்குங்கள். மணியாகவே போட்டால் மணியைச் சுற்றி மட்டும் வேலை நடக்கும், இடையில் உள்ள மண் அப்படியே இருக்கும். 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது என்ற ஈரத்தில் பொலித்தீன் போட்டு இரண்டு மாதம் மூடுங்கள். இரண்டு கிழமையில் ஒருதரம் புரட்டுங்கள். மண் காய்ந்தால் வேலை நின்றுவிடும்.

பற்றறி அமிலம் சிந்திய மண்ணுக்கு முதலில் சுண்ணாம்பு கொட்டத்தான் கை போகும். அப்படிச் செய்தால் ஈயம் காபனேற்றாக மாறும். அது வயிற்று அமிலத்தில் சுலபமாகக் கரையும் வடிவம். பொஸ்பேற் முதலில், சுண்ணாம்பு சில கிழமை கழித்து.

ஒரு தடை முக்கியம்: ஆர்சனிக் இருக்கிற மண்ணுக்குப் பொஸ்பேற் போடவே கூடாது. மண் பிடித்து வைத்திருக்கும் ஆர்சனிக்கைப் பொஸ்பேற் இடம்பெயர்த்துத் தண்ணீரில் விடும். ஈயம் சோதிக்கும்போதே ஆர்சனிக்கையும் சோதிக்கச் சொல்லுங்கள். பொஸ்பேற் கூடினால் பயிருக்கு நாகமும் (சிங்க்) இரும்பும் கிடைக்காமல் இளம் இலை மஞ்சளாகும். அதைப் பார்த்து இன்னும் பசளை போடாதீர்கள்.

கத்தரி, மிளகாய், முருங்கைக்காய் ஈயத்தை அதிகம் ஏற்றா. கீரை, கரட், பீற்றூட், வெங்காயத்தைத் திருத்திய நிலத்திலும் வைக்க வேண்டாம்; 30 சென்ரிமீற்றர் நல்ல மண் நிரப்பிய உயர்பாத்தியில் வையுங்கள்.

எல்லாம் முடிந்து மறுபடி சோதித்தால் மொத்த ஈயம் அதே எண்தான் காட்டும். பொஸ்பேற் ஈயத்தை எங்கேயும் கொண்டுபோகவில்லையே. கேட்க வேண்டியது வயிற்றில் கரையும் பங்கை அளக்கும் சோதனை. வழக்கமாக அதை பிஎச் 1.5 இல் செய்வார்கள். பொஸ்பேற் போட்ட மண்ணில் அந்த அமிலத்தில் வரும் எண் நம்பத்தக்கதல்ல, பிஎச் 2.5 இல் செய்யச் சொல்லுங்கள். போடுவதற்கு முன்னர் எடுத்த மண்ணில் ஒரு கிலோவையாவது காய வைத்துப் போத்தலில் வைத்திருங்கள், இரண்டையும் ஒரே நாளில் ஒரே முறையில் சோதிக்கலாம்.