கூண்டைத் தொறந்து விட்ட புண்ணியவானுக்கு

நம்ம அபார்ட்மென்ட்ல அந்த வீடியோவ எல்லாரும் பார்த்தாச்சு. எனக்கே பதினோரு பேர் அனுப்பிட்டீங்க, போதும். நாப்பது செகண்ட். விடியாத இருட்டுல ஒரு கூண்டு, மேல போர்த்தியிருந்த என்னோட பழைய நைட்டிய ஒரு கை இழுக்குது, கதவைத் தூக்குது, உள்ள இருந்து கறுப்பும் ஆரஞ்சுமா ஒண்ணு பாய்ஞ்சு மதில் ஏறிப் போகுது, பின்னாடி சோகமா ஒரு புல்லாங்குழல். "வாயில்லா ஜீவனுக்கு விடுதலை"ன்னு தலைப்பு வேற. கீழ வரிசையா ஹார்ட்டு.

சார், அது விடுதலை இல்ல. இதை மட்டும் சொல்லிட்டுப் போகலாம்னுதான் உக்காந்தேன். ரெண்டு நாளா தூங்காதவ எழுதுறது, முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கங்க.

அந்தப் பூனைக்கு நான் வச்ச பேரு மிக்சர். அந்தக் கலர்ல பொறக்குறது கிட்டத்தட்ட எல்லாமே பெட்டைதான், கடுவன் வர்றது ரொம்ப அபூர்வம். கருத்தடை ஆபரேஷன் பண்ணி விடலாம்னு ஏழு மாசமா அதைப் பிடிக்க அலையுறேன். ராயபுரத்துல பூனை பிடிக்கிறது என்ன பாடுன்னு மத்த ஏரியாக்காரங்களுக்குத் தெரியாது. மீன் வச்சா வந்துடாதான்னு கேப்பீங்க. காசிமேடு துறைமுகம் கூப்பிடு தூரத்துல, தெருவுக்குத் தெரு மீன் ஆய்ஞ்சு செதில கொட்டுற ஊர்ல, அதுக்கு மீனுன்னா நமக்குத் தயிர்சாதம் மாதிரி. மத்தி வச்சேன், நெத்திலி வச்சேன், காசு குடுத்து டின் மீன் கூட வாங்கி வச்சேன், மோந்து பாத்துட்டு நம்மள ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடுச்சு. கடைசில எது எடுபட்டுச்சு தெரியுமா, கோழி ஈரல். உப்பு மசாலா எதுவும் போடாம தோசைக்கல்லுல லேசா வாட்டி, சூடு ஆறுறதுக்குள்ள கொண்டு போய் வைக்கணும். ஆறிடுச்சுன்னா அம்மணி தொட மாட்டாங்க.

அதையும் எடுத்த உடனே கூண்டுக்குள்ள வச்சா வராது. கதவு விழாம கயிறு போட்டுக் கட்டி வச்சு, முதல்ல வெளிய ரெண்டடி தள்ளி சாப்பாடு, அப்புறம் வாசல்ல, அப்புறம் ஒரு சாண் உள்ள, இப்படியே பதினாறு நாள். பதினாறு நாளும் ராத்திரி ரெண்டு மணிக்கு நான் ஜெனரேட்டர் பக்கத்துல கொசுக்கடியில உக்காந்திருந்தேன், காலையில ஒம்பதரைக்கு ஆபீஸ்ல கணக்கும் பாத்தேன். பதினேழாவது ராத்திரிதான் கயிறை அவுத்தேன். மூணே முக்காலுக்கு டக்குன்னு கதவு விழுந்த சத்தம் கேட்டப்போ, சத்தியமா சொல்றேன், எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஓடிப் போய் துணியப் போர்த்தினேன். இருட்டாயிட்டாதான் அது அடங்கும், இல்லன்னா கம்பியில மோதி மோதி மூக்கைக் கிழிச்சுக்கும். ஆஸ்பத்திரியில எட்டு மணிக்கு நேரம் வாங்கியிருந்தேன். மயக்க மருந்துக்கு வெறும் வயிறா இருக்கணும்னு மிச்ச ஈரலையும் எடுத்துட்டு, மேல வந்து மூஞ்சி கழுவி, ஆட்டோ அண்ணனுக்குப் போன் போட்டு எறங்க இருவது நிமிஷம் ஆயிருக்கும்.

கூண்டு காலி. நைட்டி தரையில கெடந்துச்சு.

இப்ப நான் சொல்ல வர்றது. ஒரு தடவை மாட்டித் தப்பிச்ச பூனை கூண்டை லேசுல மறக்காது. அடுத்த பதினாறு நாள் இல்ல, அடுத்த ஆறு மாசத்துக்கு அது அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காது. சார் தொறந்து விட்டது ஒரு பூனைய மட்டும்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு. பூனைக்கு சினைக்காலம் ஒம்பது வாரம். பாலு குடுத்துக்கிட்டே அடுத்த சினை பிடிக்கும். அதோட குட்டி நாலஞ்சு மாசத்துல தானே குட்டி போட ரெடியாயிடும். இதுதான் சார் குடுத்த விடுதலை.

போன தடவை மோட்டார் ரூம் பின்னாடி நாலு போட்டுச்சே, ஞாபகம் இருக்கா? யாருக்கு இருக்கும். ஒண்ணு பார்க்கிங்ல டயருக்கடியில போச்சு. ரெண்டு வாந்தி பேதியில ஒரே வாரத்துல போச்சு, உள்ளங்கைல வச்சா வெயிட்டே தெரியல. புதைக்க இந்தத் தெருவுல ஒரு சாண் மண்ணு கெடைக்காம தெர்மாகோல் டப்பாவோட நான் அலைஞ்சேன். அன்னைக்குப் புல்லாங்குழல் வாசிக்க யாரும் வரல.

"காதை வெட்டுறாங்க"ன்னு ஒரு கமெண்ட். ஆமா, இடது காது நுனிய எடுப்பாங்க, மயக்கத்துல இருக்கும்போதே. எதுக்கு? தூரத்துல இருந்து பாத்தாலே இதுக்கு ஆபரேஷன் ஆயிடுச்சுன்னு தெரியணும், இல்லன்னா அதே பூனைய மறுபடி பிடிச்சு மறுபடி மயக்கம் குடுத்து வயித்தப் பாக்க வேண்டி வரும். "எலி வந்துடும்"னு இன்னொருத்தர். ஐயா, ஆபரேஷன் பண்ணிட்டு அதே இடத்துலதான கொண்டு வந்து விடுறேன், பல்லையா பிடுங்குறேன்? "வெளிநாட்டு ஃபேஷன்"னு ஒரு அறிவாளி. இதே மெட்ராஸ்ல ப்ளூ கிராஸ்ங்கிற பிராணி நல அமைப்பு 1964லயே தெருநாய்க்குக் கருத்தடைய ஆரம்பிச்சாச்சு, மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996ல. ஊர்க்கதை தெரிஞ்சுக்கிட்டு வாங்க.

"போன வருஷம் ஒண்ணு உங்க கையில செத்துச்சே"ன்னு கேட்டவருக்கு. ஆமா. மயக்கத்துல இருந்து எந்திரிக்கவே இல்ல. மறைக்கல, நானேதான் அன்னைக்கு இங்க எழுதினேன், அதைத்தான் நீங்க இப்ப ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுறீங்க. நல்லா இருங்க.

சின்ன வயசுல மணப்பாறை பக்கம் எங்க அம்மாச்சி வீட்டுல வருஷத்துக்கு ரெண்டு தடவை இது நடக்கும். குட்டிங்க கண்ணு தொறந்து ஓட ஆரம்பிச்ச உடனே மாமா சாக்கை எடுப்பாரு. சந்தைக்குப் போற வழியில விட்டுட்டு வந்துடலாம்பாரு. சைக்கிள் கேரியர்ல உக்காந்து சாக்கு வாயை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுப் போறது நான்தான், எட்டு வயசு. சாக்குக்குள்ள இருந்து என் கால் முட்டியில நகம் குத்தும். கீழ விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடணும், பாத்தா பின்னாடியே வந்துடும்னு சொல்லுவாரு. நான் ஒரு தடவை திரும்பிப் பாத்தேன். வீட்டுக்கு வந்தா தாய்ப்பூனை அடுப்படி, பரணு, நெல்லுக் குதிருன்னு மூணு நாள் கத்திக்கிட்டே தேடும், அம்மாச்சி அதுக்கு ஒரு கரண்டி பாலு ஊத்திட்டு "எல்லாம் மறந்துடும்"னு சொல்லிட்டுப் போயிடும். யாரும் கெட்டவங்க இல்ல. கருணை இருக்குற வீடுதான் அது.

இப்ப அந்தத் தாய்மைக்கு வர்றேன். "ஒரு பெண்ணுக்குத் தாய்மைய மறுக்கலாமா"ன்னு அறுபது வயசு மனுஷன் எழுதியிருக்காரு, பூனையப் பத்தி. ராத்திரி நாலு கடுவன் மாத்தி மாத்தி பிடரியக் கடிச்சுப் பிடிக்கும்போது அது கத்துற கத்தலைக் கேட்டுட்டு ஜன்னலை சாத்திக்கிட்டுத் தூங்குறவருதான் அவரு. அதுக்குக் கீழ ஒரு அம்மா பதில் போட்டிருக்காங்க. "அவங்களுக்குப் பிள்ளை இல்ல, அதான் பூனைக்கும் இருக்கக் கூடாதுன்னு நினைக்கிறாங்க." சிரிக்கிற எமோஜி. அந்த எமோஜிக்கு இருவத்தி மூணு லைக், அதுல நாலு பேரு என் வீட்டுல சாப்பிட்டவங்க. நான் பதில் எதுவும் போடல. போட்டுட்டு அழிச்சேன், மூணு தடவை.

பதினாலு வருஷம் எந்தெந்த ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருந்தேன்னு இங்க எழுதப் போறதில்ல. விடுங்க.

இன்னும் ஒண்ணு, இதை யாரும் கேக்கல, நானே சொல்லிடுறேன். துணியப் போர்த்தறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு வயித்தப் பாத்தேன். காம்பெல்லாம் ரோஸ் கலர்ல எடுப்பா தெரிஞ்சுச்சு, ஆனா சுத்தி முடி கலையல, பாலு குடுக்குற பூனையா இருந்தா கலைஞ்சிருக்கும். சினையாதான் இருக்கணும், புதுசு. ஆபரேஷன் பண்ணா வயித்துல இருக்குறதும் போயிடும். எட்டு மணிக்கு டாக்டர்கிட்ட அதை எப்படிச் சொல்றது, அவர் என்ன பண்ணலாம்பாரு, நான் எதுக்குத் தலையாட்டுவேன்னு யோசிச்சுக்கிட்டேதான் மூஞ்சி கழுவினேன். ஒருவேளை அதனாலதான் இருவது நிமிஷம் ஆச்சோ என்னவோ. சார் இதை வீடியோவா போட்டிருந்தா எங்கிட்ட பதில் இருந்திருக்காது. அவருக்கு அது தெரியாது, அவருக்குத் தெரிஞ்சது கதவைத் தூக்க மட்டும்தான்.

கூண்டோட ஸ்பிரிங்கை வேற அவர் இழுத்த இழுப்புல வளைச்சு வச்சிருக்காரு, வெல்டிங் கடையில குடுத்திருக்கேன். இந்தத் தடவை கூண்டு வேண்டாம், குச்சி முட்டுக் குடுத்துக் கவுத்து வைக்கிற பெரிய பெட்டி ஒண்ணு செய்யச் சொல்லியிருக்கேன். தூரத்துல இருந்து கயிறு இழுக்கணும், அதனால ராத்திரி பூரா நானே காவல். வர்ற திங்கள்ல இருந்து ஆரம்பிக்கிறேன். அது வரைக்கும் ஜெனரேட்டர் பக்கம் யாரும் சாப்பாடு வைக்காதீங்க, ஒரு துண்டு மீன் கூட வேண்டாம். மூணாவது மாடி அக்கா, உங்களைத்தான் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.