பஸ்ஸை நிறுத்துங்கள், ஆனால் அதை நேரத்தோடு சொல்லுங்கள்

கடும் பனியில் பஸ் ஓடாது என்றால் எனக்குப் புரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே, "டிரைவர் உயிர் உயிரில்லையா?" என்று கேட்க ஒருவர் வந்துவிடுவார். உயிர்தான், யார் இல்லையென்றது? ஐஸ் பிடித்த ரோட்டில் பிரேக் போட்டால் வண்டி நிற்பதற்குச் சாதாரண நாளைப் போலப் பத்து மடங்கு தூரம்கூட ஆகலாம். ஆள் ஏறாத பெரிய பஸ்ஸே பத்து டன் எடை. இரண்டு பெட்டி சேர்த்த நீள பஸ் என்றால் இன்னும் மோசம். பலவற்றில் கடைசி அச்சுதான் வண்டியைத் தள்ளும். வழுக்கலில் பின்பெட்டி முன்பெட்டியைத் தள்ள, வண்டி நடுவில் மடங்கி ரோட்டை அடைத்துவிடும். அதனால் நிறுத்துங்கள், நான் தடுக்கவில்லை.

என் வயிற்றெரிச்சல் எல்லாம் அதை எப்போது சொல்கிறீர்கள் என்பதில்தான்.

இந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கு நடந்தது இதுதான். புயல் வருகிறது என்று வானிலை அறிவிப்பு இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருந்தது. காலையில் பஸ் வழக்கம்போல ஓடியது, நாங்களும் ஏறி வேலைக்குப் போனோம். மத்தியானம் பனி கொட்டத் தொடங்கியது. சாயங்காலம் ஆகும்போது ஒரு வரி: "மறு அறிவிப்பு வரும்வரை எல்லாச் சேவைகளும் உடனடியாக நிறுத்தப்படுகின்றன." உடனடியாகவாம்! காலையில் ஊரையே ஏற்றிக்கொண்டு போய் இறக்கியவர்கள், அத்தனை பேரும் எப்படித் திரும்புவார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா? சமையலறையிலும் கிடங்கிலும் வேலை செய்கிறவர்கள் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அந்த ஒரு வரி அவர்கள் கண்ணில் எப்போது படும்?

எனக்கும் படவில்லை. ஸ்டாப்புக்கு வந்து ஆப்பைத் திறந்தேன். நான்கு நிமிடம் என்றது. அப்புறம் இரண்டு நிமிடம். அப்புறம் "வந்துகொண்டிருக்கிறது". ரோட்டில் ஒரு வெளிச்சமும் இல்லை. அந்தப் பஸ் திரையிலிருந்து அப்படியே மறைந்து, அடுத்தது அரை மணி நேரத்தில் என்று வந்தது. பக்கத்தில் ஆஸ்பத்திரித் துப்புரவுச் சீருடைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு வயதான அம்மா. ஒவ்வொரு தடவையும் கையுறையைக் கழற்றி, போனைப் பார்த்து, திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். ஆப் காட்டுகிறதே, வராமலா போய்விடும் என்று என்னிடம் சொன்னார்.

ஆப் ஏன் காட்டுகிறது தெரியுமா? பஸ் எங்கே இருக்கிறது என்ற நேரடித் தகவல் வராவிட்டால், பல ஆப்கள் அட்டவணையில் உள்ள நேரத்தையே எடுத்துக் காட்டும். இந்தப் பயணம் ரத்து என்று பதிவு செய்வதற்கு அந்தத் தகவல் முறையிலேயே இடம் இருக்கிறது. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அதைச் செய்திருந்தால் போதும், ஓடாத பஸ் யார் திரையிலும் வந்திருக்காது. சேவையை நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு அதைப் பதிவு செய்யக் கை வரவில்லை.

இது சாதாரணக் காத்திருப்பு இல்லை என்பது இவர்களுக்குப் புரிகிறதா என்றே எனக்குச் சந்தேகம். மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், உடம்புக்கு அது மைனஸ் 33 போல இருக்கும். அந்தக் குளிரில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம். ஆப் காட்டிய அந்த அரை மணி நேரத்தை இதோடு வைத்துப் பாருங்கள். விரல் போகிற விஷயம் இது.

கேட்டால், "ரோட்டில் உப்புப் போட்டும் வேலை செய்யவில்லை" என்று ஒரு பதில். சாதாரண உப்பு மைனஸ் 10-க்குக் கீழே பெரிதாக ஐஸை உருக்காது என்பது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமா? ராத்திரி குளிர் அதற்கும் கீழே போகும் என்று முந்தின நாளே தெரிந்தால், முடிவையும் முந்தின நாளே எடுக்கலாமே! "கடைசி பஸ் மூன்று மணிக்கு" என்று காலையிலேயே சொன்னால், முதலாளியிடம் கேட்டுச் சீக்கிரம் கிளம்பலாம், தெரிந்தவர் காரில் இடம் கேட்கலாம், அல்லது போகாமலே இருக்கலாம்.

எல்லா வழியையும் ஒரேயடியாக நிறுத்துவதும் எனக்குப் பொறுக்கவில்லை. மேட்டுத் தெருக்களில் பஸ் ஏறாது, சரி. ஆனால் பனி அள்ளும் வண்டி முதலில் சுத்தம் செய்வது பெரிய ரோட்டைத்தானே? அதில் கார்கள் போய்க்கொண்டிருந்ததை நின்று பார்த்தேன். பனிக்காலத்துக்கென்று தனி வழித்தடம் போட்டு, மேட்டை விட்டுவிட்டுப் பெரிய ரோட்டில் மட்டும் பஸ் விடுகிற ஊர்கள் உலகத்தில் இருக்கத்தான் செய்கின்றன. இன்னொன்று, ரோட்டிலிருந்து தள்ளுகிற பனி முழுக்க ஸ்டாப்பின் மேல்தான் குவிகிறது. மறுநாள் பஸ் வந்தாலும், முழங்கால் உயரத்துக்கு இறுகிக் கிடக்கும் அந்த மேட்டைத் தாண்டிச் சக்கர நாற்காலியில் இருப்பவர் எப்படி ஏறுவார்?

இதற்கு நடுவில் "அவசியம் இருந்தால் மட்டும் வெளியே வாருங்கள்" என்று அறிவுரை வேறு. அந்த ராத்திரி ஸ்டாப்பில் நின்ற யாரும் ஊர் சுற்ற வந்தவர்கள் இல்லை. வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலை, வரவில்லையென்றால் சம்பளம் பிடிக்கிற வேலை, கார் வாங்க வசதியில்லாத குடும்பம். பஸ்ஸை நம்பியே இருப்பவர்களைத்தான் இப்படி நடுரோட்டில் விட்டார்கள்.

புகார் எழுதினேன். வானிலை தங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று பதில் வந்தது. நான் வானிலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. நிறுத்தும் முடிவை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், எங்களுக்கு எத்தனை மணிக்குச் சொன்னீர்கள், ஆப்பில் ஏன் ரத்து என்று போடவில்லை என்று திரும்பவும் எழுதியிருக்கிறேன். இந்த மூன்றுக்கும் நேரான பதில் வரும்வரை எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.