திருநீறு பூசிய நெப்போலியன் படை

மூன்று வாரமாக, வேலை முடிந்து வந்த ஒவ்வோர் இரவும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, 28 மில்லிமீட்டர் உயரமே உள்ள இருபத்துநான்கு பிரெஞ்சுக் காலாட்படை வீரர் பொம்மைகளுக்கு நீலச் சட்டையும் வெள்ளை மார்பு மடிப்பும் சிவப்புக் கழுத்துப்பட்டியும் தீட்டி, பித்தளைப் பொத்தான்களுக்குக்கூட நுனித் தூரிகையால் புள்ளி வைத்து முடித்தேன். பளபளப்பற்ற வார்னிஷ் அடிப்பது மட்டுமே பாக்கி. அடித்தேன். பத்தே நிமிடத்தில் ஈரக்காற்றில் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்து, படை முழுவதும் திருநீறு பூசிக்கொண்டு நின்றது.

இது நான்காவது முறை. காற்றில் ஈரம் குறைந்த நாளில் அடிக்க வேண்டும் என்கிறார்கள். பினாங்கில் அந்த நாள் எந்த மாதத்தில் வருகிறது ஐயா? காலையில் ஈரம், மதியம் புழுக்கம், மாலையில் கொடிமலைப் பக்கமிருந்து மழை. குளிர்சாதன அறைக்குள் அடித்தால், அந்த நாற்றத்துக்கு வீட்டார் என்னையே வெளியேற்றிவிடுவார்கள். 1815இல் வாட்டர்லூவுக்கு முந்தைய இரவு பெய்த மழை நெப்போலியனின் தாக்குதலைச் சில மணி நேரம்தான் தாமதப்படுத்தியது. என் படையோ, எதிரியைக் காணுமுன்பே ஈரக்காற்றிடம் சரணடைந்துவிட்டது. இந்த அழகில், "என்ன மச்சான், எல்லாரும் தைப்பூசத்துக்குக் கிளம்பிட்டாங்களா?" என்று மைத்துனர் எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போகிறார்.